எம்டன் வந்த இரவும் மறுநாள் வந்த கேமராவும்

போரும் நிழற்படமும் – பகுதி 6

1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக் மாளிகையில் நடந்த படுகொலையை, 1858ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த ஃபெலிச்சே பியாட்டோ படமெடுத்த விதம் சென்ற பகுதியில் விவரிக்கப்பட்டது. முற்றத்தில் சிதறிக் கிடக்கும் எலும்புகள் அந்தப் படத்துக்காகவே வெளியே எடுத்துப் பரப்பப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுவதையும், அதற்கு முன் 1855இல் கிரிமியப் போர்க்களத்தில் ராஜர் ஃபென்டன் ஒரே பாதையைப் பீரங்கிக் குண்டுகளோடு ஒருமுறையும் குண்டுகள் இன்றி ஒருமுறையும் படமெடுத்ததையும் அங்கு கண்டோம்.

அவ்விரு படங்களிலிருந்தும் கிடைத்த முடிவு ஒன்றுதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேமராவால் போரைப் பார்க்க முடியவில்லை; போர் நடந்து முடிந்த இடத்தை மட்டுமே அதனால் பார்க்க முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கேமரா சிறியதாகி, பலருடைய கைக்கும் எட்டிய பிறகு இந்த நிலை மாறியதா என்ற கேள்வியோடு, தொடர் இப்போது சென்னைக் கடற்கரைக்கு வருகிறது.

வங்கக் கடலில் ஒரு வேட்டைக்காரன்

முதல் உலகப் போர் 1914 ஆகஸ்டில் மூண்டபோது, சீனக் கடற்கரையின் சிங்டாவ் துறைமுகம் ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைக்குத் தளமாக இருந்தது. அந்தப் படையைச் சேர்ந்த 'எம்டன்' ஒரு இலகுரகக் குரூசர். அதாவது பெரும் போர்க்கப்பல்களோடு நேருக்கு நேர் மோதுவதற்காக அன்றி, விரைந்து சென்று வணிகக் கப்பல்களைப் பிடிக்கவும் உளவு பார்க்கவும் கட்டப்பட்ட நடுத்தரக் கப்பல். 1908இல் கடலில் இறக்கப்பட்ட அக்கப்பலில் 10.5 சென்டிமீட்டர் வாயகலம் கொண்ட பத்துப் பீரங்கிகள் இருந்தன.

ஜெர்மானியப் படையின் ஏனைய கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்து தென் அமெரிக்கா நோக்கிச் செல்ல முடிவெடுத்தபோது, எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், தம் கப்பலை மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புமாறு கேட்டுப் பெற்றார். நிலக்கரி ஏற்றிய ஒரு துணைக் கப்பலே அவருக்குத் துணை.

மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டனை, நான்கு புகைபோக்கிகள் கொண்ட ஆங்கிலக் கப்பலாகக் காட்டுவதற்காக, மரச்சட்டமும் துணியும் கொண்டு பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்று அதன் மேல்தளத்தில் நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 10ஆம் தேதி தொடங்கிய சில நாட்களுக்குள் வங்கக் கடலில் இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமாட், டிராபாக் என ஆங்கிலேய வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டு மூழ்கடிக்கப்பட்டன. மாலுமிகளும் பயணிகளும் உயிரோடு கரை சேர்க்கப்பட்டனர்.

கொல்கத்தாவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் புறப்பட வேண்டிய கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றன. கப்பல் காப்பீட்டுக் கட்டணங்கள் உயர்ந்தன. எனினும் இவையெல்லாம் வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே தெரிந்த இழப்புகளாக இருந்தன. கடலுக்கு நடுவே மூழ்கும் கப்பலைக் கரையில் இருப்பவர் எவரும் பார்ப்பதில்லை.

முல்லருக்கு, மக்கள் தம் கண்ணால் பார்க்கும்படியான ஒரு நிகழ்வு தேவைப்பட்டது.

1914 செப்டம்பர் 22, இரவு

அன்றைய சென்னை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம். உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே 1894 முதல் கலங்கரை விளக்கம் இயங்கி வந்தது. போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் அந்த விளக்கு அணைக்கப்படவில்லை, நகரத்தின் விளக்குகளும் மறைக்கப்படவில்லை. இருளில் வரும் பகைவருக்கு வழி காட்டும் பொறுப்பை நகரமே ஏற்றிருந்தது எனலாம்.

துறைமுகத்தையொட்டிக் கடலோரத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் நின்றன. தென்னிந்திய வீடுகளில் விளக்கெரிக்கப் பயன்பட்ட மண்ணெண்ணெயில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்து, இத்தகைய தொட்டிகளில் சேமிக்கப்பட்டு, அங்கிருந்தே ஊர் ஊராகச் சென்றது. ஆகவே அந்தத் தொட்டிகள் பெருநிறுவனம் ஒன்றின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. சிற்றூர்க் குடிசை வரை எட்டிய ஒரு வலைப்பின்னலின் தொடக்கப் புள்ளியாகவும் இருந்தன.

இரவு ஒன்பதரை மணி அளவில், கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்ற எம்டன், தன் தேடொளி விளக்குகளை ஏற்றித் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுடத் தொடங்கியது.

சுமார் 125 குண்டுகள் வீசப்பட்டன. தொட்டிகளில் இரண்டு தீப்பிடித்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்னும் வணிகக் கப்பலும் தாக்குண்டது. குறி தவறிய குண்டுகள் நகருக்குள்ளும் விழுந்தன, அவற்றுள் ஒன்று உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரைத் தாக்கியது. உயிரிழந்தவர்கள் ஐந்து பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டபோதும் எம்டன்மீது ஒரு குண்டும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, கப்பல் விளக்குகளை அணைத்துவிட்டு இருளில் கலந்து தெற்கே திரும்பியது. எரியும் எண்ணெயின் ஒளி வெகுதொலைவு வரை அதைத் தொடர்ந்தது.

அந்த அரை மணி நேரத்தின் படம் ஒன்றுகூட இல்லை.

கேமராவால் இயலாதது

படம் இல்லாமற் போனதற்குக் கேமரா வைத்திருந்தவர்கள் அஞ்சி ஓடியது மட்டும் காரணமன்று. அன்றைய தொழில்நுட்பமே அதற்கு இடம் தரவில்லை. அக்காலத்தில் ஸ்டுடியோக்களிலும் வெளியிலும் பெரிதும் பயன்பட்டது உலர்தகடு, அதாவது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிக் காயவைத்த கண்ணாடித் தகடு. அந்தப் பூச்சு நீல ஒளியை நன்றாகவும், பச்சையை ஓரளவுக்கும் உணர்ந்தது. சிவப்பொளியை அதனால் ஏறக்குறைய உணரவே முடியவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு தகடுகளைக் கழுவ முடிந்ததும் இதனால்தான்.

எண்ணெய்த் தீயின் செம்மஞ்சள் ஒளி கண்ணுக்கு எவ்வளவு கொடியதாகத் தோன்றினும், அத்தகைய தகட்டுக்கு அது மங்கிய வெளிச்சமே. நொடிப்பொழுதில் தோன்றி மறையும் பீரங்கியின் பளிச்சொளியைப் பிடிப்பதோ அதனினும் அரிது.

பொழுது விடிந்ததும் நிலை தலைகீழானது. பகல் வானின் நீலம் தகட்டில் வெண்மையாகப் பதியும். அந்த வெண்மைக்கு எதிரே, எண்ணெய் எரிவதால் எழும் கரும்புகை மை கொட்டியதுபோல் துலக்கமாக விழும். இரவில் தோற்ற கேமரா, பகலில் கண்ணைவிடக் கூர்மையாக வென்றது.

இன்று 'எம்டன் தாக்கிய சென்னை' என்று நூல்களிலும் இதழ்களிலும் அச்சாகும் படங்கள் அந்தப் பகலைச் சேர்ந்தவை. உருளை வடிவ இரும்புத் தொட்டிகளும், அவற்றிலிருந்து எழுந்து வானத்தின் பெரும்பகுதியை அடைத்துநிற்கும் புகையும் அவற்றில் தெரிகின்றன.

இத்தகைய தொட்டியில் தீ மேற்பரப்பில் மட்டுமே எரியும். எண்ணெய் குறையக் குறையத் தீயின் மட்டமும் கீழிறங்கும். எண்ணெய் தொடும் வரையுள்ள இரும்புத் தகடு குளிர்ந்து நிமிர்ந்து நிற்க, அதற்கு மேலுள்ள தகடு சூட்டில் இளகி உள்நோக்கி மடியும். எனவே ஒரு தொட்டி எரிந்து முடிய நெடுநேரம் ஆகிறது, அந்த நேரம் முழுவதும் அது புகையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரத் தாக்குதலுக்கு நீண்ட பகல் நேரத்துக் காட்சி கிடைத்தது இவ்வாறுதான்.

குண்டு செய்யாததைப் படம் செய்தது

எண்ணெய் இழப்பால் போரின் போக்கு சற்றும் மாறவில்லை. சென்னைத் துறைமுகம் தொடர்ந்து இயங்கியது; ஆங்கிலேயக் கடற்படைக்கும் பெருத்த சேதம் ஏதும் இல்லை. முல்லரின் நோக்கமும் அதுவன்று: இந்திய மக்களிடையே பரபரப்பை உண்டாக்குவது, ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைப்பது, அவர்களுடைய மதிப்பைத் தாழ்த்துவது ஆகியவற்றையே தம் குறிக்கோளாக அவர் பின்னாளில் பதிவு செய்தார்.

அந்தக் குறிக்கோளுக்கு, அவர் அறியாமலேயே, சென்னையின் கேமராக்கள் துணை நின்றன. எரியும் தொட்டிகளின் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சிடப்பட்டு விற்பனைக்கு வந்தன. நிழற்படத்தைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சுக்கு ஏற்றதாக்கும் 'ஹாஃப்டோன்' முறை அதற்குள் பரவிவிட்டதால், செய்தித்தாளும் பத்திரிகையும் படத்தைச் சொல்லோடு சேர்த்தே ஊருக்கு ஊர் கொண்டுசென்றன.

கடலை ஆள்பவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஆட்சியாளர்களின் இந்தியப் பேரரசில் மூன்றாவது மாநகரை, ஒரு தனிக் கப்பல் வந்து சுட்டுவிட்டுத் தப்பிப் போனது என்ற செய்தியை வாய்மொழியாகக் கேட்பதும், கரும்புகையாகக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. வதந்தி என்று அதிகாரிகள் மறுக்கக்கூடியதைப் படம் மறுக்க முடியாததாக்கியது.

இங்கேதான் போர்ப்படத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம் நிகழ்கிறது. பியாட்டோவின் லக்னோ படம் வென்றவர் தம் வெற்றியைக் காட்ட எடுத்தது. சென்னைப் படமோ தாக்குண்டவரின் ஊரில் எடுக்கப்பட்டு, தாக்கியவரின் நோக்கத்துக்குப் பயன்பட்டது. படத்தை எடுத்தவர் எவராயினும், அது பேசும் பொருள் அவருடைய கையில் இல்லை என்பதைத் தமிழ் மண் அன்று அறிந்தது.

தாம்பரம் வழியே சென்றவர்கள்

தாக்குதலை அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். கப்பல் மீண்டும் வரும் என்ற அச்சம் பரவியதால், சொந்த ஊர் உள்ளவர்கள் அங்கும், உறவினர் உள்ளவர்கள் உறவினர் வீட்டுக்கும் புறப்பட்டனர்; ரயில் நிலையங்களில் கூட்டம் நெருக்கியது.

தெற்கே செல்ல அன்று இரு வழிகள் இருந்தன. ஒன்று, 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்திலிருந்து தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட பாதை. மற்றொன்று திருச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை. இரண்டும் பல்லாவரத்தையும் தாம்பரத்தையும் கடந்து, இரும்புலியூர் வழியாகவே செங்கல்பட்டை நோக்கிச் சென்றன. இன்றும் அவ்வாறே செல்கின்றன.

மின்ரயில் தாம்பரத்துக்கு வந்தது 1931இல்தான். 1914இல் இப்பகுதி, ஏரியையும் அதன் பாசனத்தையும் நம்பிய ஊர்கள் கொண்ட செங்கல்பட்டு மாவட்டத்து நாட்டுப்புறம். நகரத்தின் அச்சம் இந்த ஊர்களின் நடுவே வண்டியிலும் ரயிலிலும் நடந்தும் சென்றிருக்க வேண்டும். கடற்கரையில் எழுந்த புகையைப் பார்க்காதவர்களுக்கு, அந்த மனிதர்களே செய்தியாக இருந்தனர்.

எரிந்த தொட்டிக்குப் படம் உண்டு. உடைந்த சுவருக்குக் கல்வெட்டு உண்டு. வெடித்த குண்டின் துண்டு சென்னை அருங்காட்சியகத்தில் உண்டு. மூட்டை முடிச்சுகளோடு குழந்தைகளை இழுத்துக்கொண்டு சென்றவர்களுக்கு, இந்தத் தாக்குதலின் அடையாளமாக இன்று திரும்பத் திரும்ப அச்சாகும் படங்களில் இடமில்லை.

கேமரா வைத்திருந்தவர் கடற்கரைக்குச் சென்றதில் வியப்பில்லை, ஏனெனில் விலைபோகும் காட்சி அங்கேதான் இருந்தது. ஆயினும் ஒரு நகரத்துக்கு நேர்ந்த உண்மையான தாக்குதல் தொட்டியின்மேல் விழுந்ததைக் காட்டிலும் அந்த மனிதர்களின் நெஞ்சில் விழுந்ததே பெரிது என்பதால், நமக்குக் கிடைத்துள்ள படத்தொகுப்பு நிகழ்வின் சிறுபகுதியை மட்டுமே காட்டுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

படம் இல்லாத இடத்தில் முளைத்த கதை

படம் இல்லாத வெற்றிடத்தைக் கதை நிரப்புவது இயல்பு. திருவனந்தபுரத்தில் 1891இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்றும், அவரே கப்பலைச் சென்னைக்கு வழிநடத்தினார் என்றும் தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது. மேடைகளிலும் கட்டுரைகளிலும் இன்றும் அது உண்மையாகச் சொல்லப்படுகிறது.

சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. 1914இல் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கி நடத்தினார். அவ்வாண்டிலேயே பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்தார். எம்டனோ ஆகஸ்டிலேயே சிங்டாவிலிருந்து புறப்பட்டு, இடையில் எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் தொடாமல் வங்கக் கடலுக்கு வந்தது. ஒருவர் ஐரோப்பாவிலும் அந்தக் கப்பலிலும் ஒரே காலத்தில் இருந்திருக்க முடியாது.

இதைச் சொல்வதால் செண்பகராமனின் பெருமை குறைவதில்லை. அயல்மண்ணில் நின்று, ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் உழைத்த அவருக்கு, நடக்காத ஒரு பயணத்தின் புகழ் தேவையில்லை. நடந்த வாழ்க்கையே போதும்.

பதில் படம்

சென்னையின் புகைப்படத்துக்கு ஆங்கிலேயர் பதில் சொல்ல ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆயின. இடையில் எம்டன் இலங்கைக் கடலைச் சுற்றி, அக்டோபர் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பலான ஷெம்சுக்கை மூழ்கடித்தது.

நவம்பர் 9ஆம் தேதி காலை, இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டைரக்‌ஷன் தீவில், கடலடித் தந்திக் கம்பிகள் ஒன்றுசேரும் நிலையத்தை அழிக்க, துணைத்தலைவர் ஹெல்முத் ஃபான் மியூக்கேயின் தலைமையில் சுமார் 50 பேரை எம்டன் கரையிறக்கியது. அந்நியக் கப்பல் ஒன்று வந்திருப்பதாக நிலைய ஊழியர்கள் அதற்குள் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துவிட்டனர்.

அங்கே, சென்னையில் நிகழாத ஒன்று நிகழ்ந்தது. ஜெர்மானியர் கம்பிகளை வெட்டி, கம்பத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தபோதே, தந்தி நிலைய ஊழியர்கள் தங்கள் கேமராக்களை எடுத்து அவர்களைப் படமெடுத்தனர். படகுத்துறையில் நிற்கும் மாலுமிகள், கரையோரம் இழுக்கப்படும் படகுகள், பின்னர் அவர்கள் தப்பிச் சென்ற 'ஆயிஷா' என்னும் பாய்மரக் கப்பல் என, தாக்குதல் நடக்கும்போதே தாக்கப்பட்டவரின் கையால் எடுக்கப்பட்ட படங்கள் அவை. சென்னையில் இருளும் தூரமும் தடுத்ததை, கொக்கோஸில் பகலும் அருகாமையும் தந்தன.

அருகில் படைக்கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' அழைப்பைக் கேட்டு விரைந்து வந்தது. இரு மணி நேரத்துக்கும் குறைவான சண்டையில் எம்டனின் மூன்று புகைபோக்கிகளும் சரிந்தன. 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முழுதும் மூழ்காமல் காக்க, முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறைமீது ஏற்றி நிறுத்தினார். சிட்னியில் இறந்தவர்கள் 4 பேர்.

பாறைமீது சிதைந்து கிடந்த எம்டனின் படம் உலகெங்கும் பரவியது. எரியும் தொட்டியின் படம் கிளப்பிய ஐயத்துக்கு, உடைந்த கப்பலின் படமே விடையாக முன்வைக்கப்பட்டது. கரையிறங்கிய குழுவோ ஆயிஷாவில் ஏறிச் சுமத்ராவின் படாங் சென்று, அரேபியா வழியாக 1915 மே மாதத்தில் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தது.

இவ்வாறு, ஒரு போரின் இரு தரப்பும் ஒருவர் படத்துக்கு மற்றவர் படத்தால் பதிலளிக்கும் காலம் பிறந்தது. அதன் முதல் தமிழ்நாட்டு அத்தியாயம் சென்னைக் கடற்கரையில் எழுதப்பட்டது என்பதும், அந்த அத்தியாயத்தில் மக்கள் விடுபட்டுப் போயினர் என்பதும் இந்தப் பகுதியின் முடிவுகள்.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்

1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின; மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன; 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்னும் விமானம்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அது மூழ்கும் காட்சியை மேலிருந்து படமெடுத்தவர்கள், அதை மூழ்கடித்த விமானப் படையினரே. இம்முறை கேமரா குண்டு வீசுபவரோடு வங்கக் கடலின் மேல் பறந்தது.

அந்த ஏப்ரலில் சென்னைமீது ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும் அரசே வெளியேறச் சொல்ல, அலுவலகங்கள் இடம் மாற, நகரம் மீண்டும் அதே ரயில் பாதையிலும் அதே நெடுஞ்சாலையிலும் தாம்பரத்தைக் கடந்து தெற்கே சென்றது.

எதிரி வருமுன்பே ஒரு மாநகரம் காலியாகும் அளவுக்கு, எரிந்த தொட்டிகளின் அந்தப் பழைய படம் ஒரு தலைமுறையின் நினைவில் நிலைத்திருந்ததா? அல்லது அம்முறை மக்களை விரட்டியது வேறொரு படமா?

(தொடரும்)